ஆறாவது வரிசையில் ஒரு யானை

செஸ் போட்டியில் யாரோடு யார் ஆடுவது என்று சொல்லும் பேரிங் தாளைச் சுவரில் ஒட்டியதும் எல்லோர் கண்ணும் முதலில் ரேட்டிங்குக்குத்தான் போகும், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் எண்ணுக்கு. எதிராளியின் பெயரைப் படிப்பதெல்லாம் அப்புறம். நானும் அப்படித்தான் பார்த்தேன். முண்டியடித்த பிள்ளைகளின் தலைக்கு மேலே எட்டி, விரலால் தடவிக்கொண்டே வந்து என் வரியைப் பிடித்தேன். போர்டு 17. எனக்குக் கறுப்புக் காய். என் பக்கம் 1612. எதிர்ப்பக்கம் 2009.

2024 டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு லீவு. குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து உலகச் சாம்பியனாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. செல்லூரிலிருந்து வண்டியில் போகும்போது மார்கழிக் கோலங்களைச் சுற்றி வளைத்து ஓட்ட வேண்டியிருந்தது; கோயில் மைக்செட் இன்னும் ஓயவில்லை. ஹால் வாசலில் பார்த்தால் திருவிழாக் கூட்டம். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, திண்டுக்கல் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள். பிள்ளைக்கு ஒரு அம்மா, ஒரு டிபன் பை. என்னைப் போல நாற்பது தாண்டியவர்கள் நாலைந்து பேர் இருந்திருப்போம்.

இந்த மாதிரி ஓப்பன் போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடக்கும். முதல் சுற்றில் எல்லோரையும் ரேட்டிங்படி வரிசையாக நிறுத்தி, அந்த வரிசையை நடுவில் மடித்துவிடுவார்கள். மேல் பாதியின் முதல் ஆள் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு, இரண்டாவது ஆள் இரண்டாவது ஆளோடு. அதனால் முதல் சுற்றில் கிட்டத்தட்ட எல்லா மேஜையிலும் ஒருத்தர் புலி, ஒருத்தர் ஆடு. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பத்தா தரையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடும்போது, "நீ புலியா, ஆடா?" என்று முதலில் கேட்கும். 3 புலி, 15 ஆடு. அங்கே நாம் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே தாளில் அச்சடித்தே வந்துவிடுகிறது.

என் 1612 பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பிப்ரவரி வரை நான் 1353. மார்ச் 1 அன்று உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒரு திருத்தம் செய்தது. கீழ்மட்ட ரேட்டிங்குகள் எல்லாம் தாழ்ந்துபோய்விட்டன என்று, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு 2000த்திலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதுவரை 1000 என்றிருந்த அடிமட்டத்தையும் 1400 ஆக உயர்த்தினார்கள். எனக்குக் குறைந்தது 647. அதில் 40 சதவீதம் 259. ஒரு காயைக்கூட நகர்த்தாமல் ராத்திரியோடு ராத்திரியாக 1612 ஆனேன். பிப்ரவரியில் எனக்கு என்ன தெரியுமோ அதேதான் மார்ச்சிலும் தெரிந்தது. ஆனால் மார்ச்சுக்குப் பிறகு என்னோடு பிராக்டிஸ் ஆட உட்காருபவர்களின் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த எண்ணைக் கண்டுபிடித்த ஆர்பட் ஈலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகப் பேராசிரியர். அவருடைய முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. ஒரு ஆட்டக்காரனின் ரேட்டிங்கை அளப்பது, தண்ணீரில் ஏறி இறங்கி மிதக்கும் தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதைப் போன்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். எண்களோடுதான் என் பிழைப்பு. தன் அளவுகோல் எவ்வளவு ஆடும் என்பதையும் சேர்த்துச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஃபிடே அட்டவணைப்படி 397 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 0.92, கீழே இருப்பவருக்கு 0.08. நூறு ஆட்டம் ஆடினால் 92 புள்ளி அவருக்கு, 8 புள்ளி எனக்கு. இந்த 8ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன்.

எதிரே வந்து உட்கார்ந்தது பன்னிரண்டு வயதுப் பையன். நாற்காலியில் நுனிக்கு வந்து உட்கார்ந்தால்தான் அவன் கால் தரையைத் தொடும். தண்ணீர் பாட்டிலை வலது பக்கம் வைத்தான். சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், இடது பக்கம் மாற்றினான். ஸ்கோர் ஷீட்டில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினான். கை கொடுத்தான். கை சில்லென்று இருந்தது. காலை 10 மணிக்கு ஆர்பிட்டர் ஆரம்பிக்கச் சொன்னதும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு க்ளாக்கை மெதுவாக அழுத்தினான். ஆளுக்கு 90 நிமிடம், மூவுக்கு மூவு 30 விநாடி கூடுதல்.

நான் ஆடியது கேரோ-கான். ஓப்பனிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருவரும் தெரிந்ததை ஆடினோம். சொல்ல வேண்டியது 18ஆவது மூவ்.

பத்திக்கு எழுத்து, வரிசைக்கு எண் என்று கட்டங்களுக்குப் பெயர். என் ராணி பி6இல் நின்றது. அவன் தன் குதிரையை எடுத்து ராஜா பக்கம் தாக்குதலுக்குக் கொண்டுபோனான். அதோடு அவனுடைய பி2 சிப்பாய்க்குக் காவல் போய்விட்டது. என் ராணி நேராக இறங்கி எடுக்கலாம். செஸ் படித்த எவனுக்கும் பி2 சிப்பாய் என்றாலே ஒரு பயம் உண்டு. ராணி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், எதிராளி அதற்குள் இந்தப் பக்கம் மேட் வைத்துவிடுவான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். யானை பி1க்கு வந்தால் என் ராணி எங்கே போகும்? ஏ3. ஏ3இலிருந்து? வெளியே வரலாம் போலத்தான் இருந்தது. 14 நிமிடம் யோசித்தேன். மறுபடி மறுபடி பார்த்தும் எனக்குப் பொறி எதுவும் தெரியவில்லை.

தெரியாததால் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. 2009 காரன் சும்மா விடுவானா, எனக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்தேன். போர்டைப் பார்த்துப் போட்ட கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து மூவ் ஆடினேன். யானையை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தேன். பையன் அடுத்த மூவிலேயே பி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டான்.

அதற்குப் பிறகு என் ஆட்டம் நெருக்கடிக்குள் போனது. அவன் ஆட்டத்தில் பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. ஒவ்வொரு மூவிலும் எனக்கு ஒரு கட்டம் குறைந்துகொண்டே வந்தது. 33ஆவது மூவில் ஒரு சிப்பாய் போனது. ராணிகள் மாறின. குதிரைகள் மாறின. 40ஐத் தாண்டும்போது ஆளுக்கு ஒரு யானை; அவனுக்கு இரண்டு சிப்பாய், எனக்கு ஒன்று. என் க்ளாக்கில் 2 நிமிடம். அவனுக்கு 20க்கு மேல்.

(ஹாலில் எல்லோரும் ரூக் என்றுதான் சொல்வார்கள். எனக்குக் காய்களை அறிமுகப்படுத்தியவர் யானை என்றுதான் சொல்லிக் கொடுத்தார். கை வைக்கும்போது மனதில் யானைதான் வரும்.)

அவரைப் பற்றி. தொண்ணூறுகளின் கடைசியில், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், அரசரடிப் பக்கம் ரயில்வே காலனியில் ஒரு பெரியவர் இருந்தார். கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு வாசல் திண்ணையில் போர்டை விரிப்பார். சோவியத் புத்தகங்கள் கைக்காசுக்குக் கிடைத்த காலத்தில் வாங்கிய செஸ் புத்தகங்கள் இரண்டு மூன்று அட்டை பிய்ந்து அவரிடம் இருந்தன. அவருக்கு ரேட்டிங் கிடையாது. அவர் போட்டிகளில் ஆடிய காலத்தில் ஃபிடே ரேட்டிங் 2200க்குக் கீழே தரப்படுவதே இல்லை. மதுரையில் செஸ் ஆடிய எங்கள் எல்லோரையும் போல அவரும் எண் இல்லாமலேயே ஆடினார். எதிரே இருக்கிறவன் எப்படி ஆடுகிறவன் என்பது போர்டில் காயை வைத்தால்தான் தெரியும்.

அவர் எனக்கு ஓப்பனிங் எதுவும் கற்றுத் தரவில்லை. 32 காய்களையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஐந்தை மட்டும் வெளியே எடுப்பார். இரண்டு ராஜா, இரண்டு யானை, ஒரு சிப்பாய். "சிப்பாய் எனக்கு. நீ டிரா பண்ணு பாப்போம்" என்பார். நான் தோற்பேன். திரும்ப அடுக்குவார். திரும்பத் தோற்பேன். கொசு கடிக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"யானைய ஆறாவது வரிசையில நிறுத்து. அவன் ராஜா உள்ள வரக் கூடாது. அவன் சிப்பாய் ஆறாவது வரிசையில கால் வைக்கிற வரைக்கும் நீ அந்த வரிசைய விட்டு அசையாத. அங்கிட்டும் இங்கிட்டும் உலாத்திக்கிட்டே இரு. அவன் கால் வச்ச மறு நிமிசம் அடிமட்டத்துக்கு எறங்கிரு. பின்னாடியிருந்து செக் குடுத்துக்கிட்டே இரு. அம்புட்டுத்தேன்."

பிலிடோர் நிலை என்பார்கள் இதை. பிலிடோர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். அந்தக் காலத்தில் பேர்பெற்ற இசையமைப்பாளர், செஸ்ஸிலும் அவரை அடிக்க ஆளில்லை. 1777இல் இந்த நிலையை எழுதி வைத்தார். 250 வருடம் ஆகப் போகிறது. எத்தனையோ சாம்பியன்கள் வந்தார்கள், கம்ப்யூட்டர்கள் வந்தன. அந்த ஐந்து காய் நிலை டிராதான். எதிரே மேக்னஸ் கார்ல்சன் உட்கார்ந்தாலும் டிராதான். கறுப்பு தப்பு செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. 0.92, 0.08 என்ற கணக்கு அந்த வாசலோடு நின்றுவிடும்.

இப்போது ஹாலுக்கு வருகிறேன். 51ஆவது மூவ். பையனிடம் இ சிப்பாயும் ஜி சிப்பாயும். என்னிடம் எச் சிப்பாய். அவன் ஜி சிப்பாயைத் தள்ளி என்னுடையதோடு மாற்றிக்கொள்ள வந்தான். எனக்கு நம்ப முடியவில்லை. முன்னால் இருப்பவன் காய்களை மாற்றலாம், சிப்பாய்களை மாற்றக் கூடாது என்பது பால பாடம். இரண்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் எங்காவது தடுக்கி விழுந்திருப்பேன். இரண்டு சிப்பாயும் போர்டை விட்டு வெளியேறியபோது அங்கே மிச்சம் இருந்தவை, ரயில்வே காலனித் திண்ணையில் இருந்த அதே ஐந்து காய்கள்.

அவனுடைய ராஜா டி5. சிப்பாய் இ5. யானை எச்7இல் நின்று என் ராஜாவைக் கடைசி வரிசையில் அடைத்துவிட்டது. என் ராஜா இ8. நான் யானையைத் தூக்கி பி6இல் வைத்தேன். ஆறாவது வரிசை.

கை நடுங்கியது உண்மை. குகேஷ் ஆடிய கடைசி ஆட்டம் அந்த இரண்டு வாரமும் எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. டிங் லிரன் ஒரு சிப்பாய் குறைவாக, ஆனாலும் டிரா செய்யக்கூடிய நிலையில் இருந்தார். 55ஆவது மூவில் யானையை எஃப்2க்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை மாற்றி, பிஷப்புகளையும் மாற்றிவிட்டார். 58ஆவது மூவில் உலகப் பட்டம் கை மாறிவிட்டது. உலகச் சாம்பியன் கையே தவறும் இடம். எனக்கு ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடிதான் வருமானம்.

அவன் யானையை ஏ7க்குக் கொண்டுபோனான். நான் ஜி6. அவன் திரும்ப எச்7. நான் பி6. அவன் ராஜாவை சி5க்கு நகர்த்தி என் யானையை விரட்டினான். நான் ஏ6. ராஜா திரும்ப டி5. நான் ஆறாவது வரிசையை விட்டு அசையவில்லை. ஆடுபுலியில் ஆடு புலியைக் கொல்வதில்லை. வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அப்பத்தா ஆட்டை எடுத்து விளையாடும்போது எதையும் வெட்டாது. கடைசியில் மூன்று புலியும் அசைய முடியாமல் நிற்கும்.

டிரா கேட்கலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. ரேட்டிங் குறைந்தவன் போய் டிரா கேட்பது மரியாதையில்லை என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு எண்ணம் உண்டு. அந்த எண்ணம் சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. அவன் என்னைச் சோதிக்கிறான். சோதிக்க அவனுக்கு உரிமை உண்டு. சிப்பாய் நகராமல், வெட்டு இல்லாமல் ஆளுக்கு 50 மூவ் போனால் நானே கோரலாம். அதுவரை நிற்கலாம் என்றிருந்தேன்.

68ஆவது மூவில் அவன் சிப்பாயைத் தொட்டான். இ6. கால் வைத்துவிட்டான்.

ராஜா ஒளிந்துகொள்ள இருந்த ஒரே கட்டம் இ6. அதில் இப்போது அவனுடைய சிப்பாயே நிற்கிறது. என் யானை ஜி6இல் இருந்தது. அதை ஜி1க்கு, கடைசி வரை இறக்கினேன். அவன் ராஜா டி6க்கு வந்தது. அடுத்து எச்8இல் யானை வந்தால் எனக்கு மேட். டி1இல் செக். ராஜா இ5. இ1இல் செக். ராஜா டி6. டி1இல் செக். எழுதுகிற ஸ்கோர் ஷீட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதை அவனும் பார்த்தான். 72ஆவது மூவில் ராஜாவை மறுபடி இ5இல் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "டிரா?" என்றான். குரலே எழும்பவில்லை. கை கொடுத்தேன். மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

வராந்தாவில் அவனுடைய அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பனிக்காலத்தில் செடியில் பூ குறைந்துவிடும், விலைதான் ஏறும். "பூ இல்லாத மாசம்ணே. இப்பன்னாத்தான் இவன் கூட வர முடியும். மத்த நாளு விடியக்காலம் மூணு மணிக்கே பறிக்கப் போயிருவேன்" என்று பிறகு சொன்னார். பையன் போய், "டிராம்மா" என்றதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"உங்களுக்கு எம்புட்டுண்ணே ரேட்டிங்கு?"

சொன்னேன். அவர் முகம் வாடியது. விரல் விட்டெல்லாம் எண்ணவில்லை. "அப்ப பதினாறு போச்சு" என்றார். கிட்டத்தட்ட அதுதான் கணக்கு. 0.92 எதிர்பார்த்த இடத்தில் 0.5 வந்தால் 0.42 நட்டம். 18 வயது வரை, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்குப் பெருக்குத் தொகை 40. அவனுக்கு 16.8 இறங்கும். எனக்குப் பெருக்குத் தொகை 20 என்பதால் ஏறுவது 8.4 மட்டும். வளர்கிற பிள்ளை வேகமாக ஏறட்டும் என்று வைத்த விதி; இறங்கும்போதும் அதே வேகம். பூத்தோட்டத்துப் பெண்மணிக்கு இது மனப்பாடமாகத் தெரிகிறது என்பதை நினைத்துக்கொண்டே நின்றேன். எத்தனை வராந்தாக்களில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாரோ. எனக்கு அந்த 8.4ஐ நினைத்துச் சந்தோஷப்பட வாய் வரவில்லை.

அவர் தக்காளிச் சோறு இருந்த டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு மூடியில் வைத்தார். பையன் சோற்றைத் தொடாமல் போர்டை விரித்தான். நேராக 18ஆவது மூவ் நிலையை அடுக்கினான்.

"இங்க பி2 எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப தம்பி?" என்று நான்தான் கேட்டேன்.

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "எடுக்கலாம்னு நான் பாக்கவே இல்ல அங்கிள்."

"யானை பி1 வச்சா?"

"உங்க குயின் ஏ3 போயிரும். எனக்கு ஒண்ணுமே இல்ல." அவன் கண்ணில் நிஜமாகவே பயம் தெரிந்தது, ஆட்டம் முடிந்து போன பிறகு வரும் பயம். "நீங்க ஏன் எடுக்கல?"

"நீ 2009. ஏதாவது வச்சிருப்பன்னு நெனச்சேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 51ஆவது மூவ் நிலையை அடுக்கினான். "இங்க பான் மாத்துனேன்ல. பிலிடோர் டிரான்னு எனக்குத் தெரியும் அங்கிள். எங்க கோச் நாலாம் வகுப்புலேயே சொல்லிக் குடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். டைமும் உங்களுக்குக் கம்மி."

"1612க்குத் தெரியாதுன்னு."

தலையாட்டினான். அம்மா அவன் வாயில் ஒரு வாய் சோற்றை ஊட்டிவிட்டார்.

அந்தத் தலையாட்டலை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய எண் எனக்குப் பொய் சொல்லி ஒரு சிப்பாயை இழந்தேன். என்னுடைய எண் அவனுக்குப் பொய் சொல்லி அவன் அரைப் புள்ளியை இழந்தான். போர்டில் இருந்ததை இரண்டு பேருமே சரியாகப் பார்த்திருந்தோம்; எனக்கு ஏ3 தெரிந்தது, அவனுக்கு பிலிடோர் தெரிந்தது. பார்த்ததை நம்பாமல் போனோம். ஈலோவின் கணக்கில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. நூறு ஆட்டத்துக்கு 92 என்பது நூறு ஆட்டத்துக்குச் சரியான கணக்கு. எங்கள் ஆட்டம் ஒன்று. அந்த ஒன்றில் இவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்த எண்ணிடம் போய்க் கேட்டது எங்கள் இருவரின் தவறு.

அடுத்த சுற்று 3 மணிக்கு. அவன் ஜெயித்தான். நான் தோற்றேன், சுருக்கமான ஆட்டம், எழுத ஒன்றுமில்லை.

பெரியவர் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். ராத்திரி போன் போட்டேன். மகள் எடுத்து, "அப்பா, மதுரையிலேருந்து" என்று கத்திச் சொல்லிக் கொடுத்தார். காது மந்தம். யானையும் ஒரு சிப்பாயும் என்று ஆரம்பித்ததுமே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. யாரோடு ஆடினேன், அவன் எவ்வளவு ரேட்டிங், எத்தனாவது போர்டு, எதையும் கேட்கவில்லை.

"எப்ப எறங்குன?"

"அவன் இ6 வச்ச பெறகு சார்."

"முன்னாடி எறங்கலையே?"

"இல்ல சார். பதினாறு மூவ் ஆறாவது வரிசையிலயே நின்னேன்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மகளிடம் அந்தப் பழைய போர்டை எடுத்துவரச் சொல்வது கேட்டது. "இரு, இரு, வச்சிராத. அவன் ராஜா எங்க நின்னுச்சு, டி5ஆ எஃப்5ஆ? மொதல்லேருந்து சொல்லு."